ஒரு போன் கூடப் பண்ணலீங்க

ஏனுங்க, நீங்க எந்த ஊருங்க? கிருஷ்ணகிரியா? காங்கயம், வெள்ளக்கோயில் பக்கமெல்லாம் ஒறம்பரை, சொந்தம்னு ஆரும் இல்லீங்களே? இல்லீன்னா செரி, அப்பப் பேசலாமுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க. நான் கல்யாணத் தரகருங்க, பேரு சென்னியப்பன். ஒருத்தரைப் பாத்தா மொதல்ல ஊரைக் கேக்கறது, அப்புறம் ஒறம்பரையைக் கேக்கறது, இருவத்திரண்டு வருசப் பழக்கம். இந்த மாஸ்க்கைக் கழட்டாமப் பேசறேன், அதையும் பெருசா எடுத்துக்காதீங்க. சளிக்குப் பயந்து போட்டதில்ல, தெரிஞ்ச ஆளுக்குப் பயந்து போட்டது.

மேல மூணாவது மாடில என்ற மக இருக்குதுங்க. மௌனிகா. இருவது வயசு, காலேஜுல கடைசி வருசம். தொடை எலும்புல கேன்சர். பக்கத்துல அவங்கம்மா இருக்கறா. காலை எடுக்கோணும்கறாங்க, முட்டிக்கு மேல வெச்சு. இந்தாங்க, பேப்பர் என்ற கையிலதான் இருக்குது பாருங்க. இதுல நான் கையெழுத்துப் போட்டுக் குடுத்தா நாளைக்குக் காத்தால ஆப்பரேசன். மத்தியானத்துக்குள்ள குடுக்கலீன்னா இன்னும் மூணு வாரம் தள்ளிப் போயிருமாம். அதுக்குள்ள கட்டி மறுக்கா வளந்துரும்னு டாக்டரம்மா சொல்றாங்க. டீ குடிச்சுட்டு வந்து போடறேன்னு எறங்கி வந்தேன். வந்து ஒரு மணி நேரமாச்சு, டீயும் குடிக்கல.

உங்க பையனுக்கு எங்கீங்க? முட்டிக்குக் கீழயா? டெஸ்ட்டுக்குச் சதை எடுத்துட்டாங்களா? வெள்ளிக்கிழமை ரிசல்ட்டா? மறக்காம நேர்ல வந்து வாங்கிப்போடுங்க. இவங்களே போன் பண்ணிச் சொல்லுவாங்கன்னு நம்பிக்கிட்டு மட்டும் ஊட்டுல உக்காந்துராதீங்க. நாங்க அப்பிடித்தான் உக்காந்து கெட்டோம். மூணு மாசமுங்க. மூணு மாசத்துல ஒரு போன் கூடப் பண்ணலீங்க. இத்தனை பெரிய ஆஸ்பத்திரி, அங்க பாருங்க, போன் எடுத்துப் பேசறதுக்குன்னே நாலு புள்ளைக உக்காந்திருக்குது. ஒரு போன் பண்ணி, ஏப்பா, உன்ற மகளுக்கு இப்பிடியாயிருச்சு, ஓடியான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இன்னைக்கு அந்தப் புள்ளை ரெண்டு காலோட இருக்குமுங்க.

மொதல்ல இருந்து சொல்றேன், நீங்களே சொல்லுங்க ஆரு மேல தப்புன்னு.

தீவாளி முடிஞ்சு பத்து நாள் இருக்கும். முட்டிக்கு மேல வலிக்குதுன்னுச்சு. பஸ் ஏறி எறங்கற புள்ளை, எங்கியாச்சும் இடிச்சிருக்கும்னு நெனச்சோம். தைலம் போட்டோம். அப்புறம் லேசா வீங்குச்சு. எங்க பக்கத்துல ஒருத்தர் எண்ணெய்க் கட்டுக் கட்டுவாரு, தங்கமான மனுசன். கட்டிக்கிட்டுப் பத்தே நாள்ல எந்திரிச்சு ஓடுனவங்க நெறையப் பேரு. அவருகிட்டக் கூட்டீட்டுப் போனேன். நீவி உட்டு, மூங்கில் பட்டை வெச்சுக் கட்டுனாரு. வாரம் ஒருக்கா பிரிச்சு மறுக்கா நீவுவாரு. புள்ளை பல்லைக் கடிச்சுக்கிட்டு அழுவும். அழுதா நரம்பு எளகுதுன்னு அர்த்தம்னாரு. ரெண்டு மாசம் போச்சு. வீக்கம் போகல, எலுமிச்சம்பழம் மாதிரி உருண்டையா நின்னுக்கிச்சு. அப்பத்தான் அவரே சொன்னாரு, இது என்ற கைக்கு அடங்கல, ஒரு போட்டோ எடுத்துப் பாத்துருங்கன்னு. இப்பப் பாருங்க, இந்த டாக்டரம்மா அவரு பேரை எடுத்தாலே மூஞ்சியத் திருப்பிக்கறாங்க. நீவவே கூடாதாம். அவருக்கென்னுங்க தெரியும், பாவம்.

காங்கயத்துல எக்ஸ்ரே எடுத்தோம். அந்த டாக்டர் படத்தை வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தாரு. அப்புறம் சீட்டு எழுதி, நாளைக்கே கோயமுத்தூர் போங்கன்னு தாட்டி உட்டுட்டாரு. எந்த ஆஸ்பத்திரின்னு பேரைப் படிச்சதும் சீட்டை நாலா மடிச்சுச் சட்டைப்பைக்குள்ள வெச்சுக்கிட்டேன். பேருலயே சீக்கு இருக்குதுங்களே. இந்தக் கேட்டுக்குள்ள ஒருத்தன் நுழையறதை எங்கூர்க்காரன் ஒருத்தன் பாத்தாப் போதும், மறுநாள் காத்தால எங்க வாசல்ல நின்னு துக்கம் விசாரிப்பான்.

நான் சும்மா பயப்படலீங்க. அதுதான் என்ற தொழிலே. ஒரு வரன் வந்தா அந்தக் குடும்பத்துல ஆருக்கு வலிப்பு, ஆருக்குப் புத்தி சரியில்ல, எந்தச் சித்தப்பன் எதுல செத்தான், எல்லாம் விசாரிச்சுப்போட்டுத்தான் ஜாதகத்தைக் கையில எடுப்பேன். நாலு வருசம் முந்தி ஒரு பொண்ணு. லட்சணமா இருக்கும், டீச்சர் வேலை. நிச்சயம் வரைக்கும் வந்துருச்சு. அவங்க அத்தை மார்ல கட்டி வந்து செத்ததை மறைச்சுட்டாங்க. எனக்குத் தெரிஞ்சு போச்சு. நேரா பையன் ஊட்டுக்குப் போயிச் சொல்லீட்டேன். அத்தோட நின்னு போச்சு. பாவம்தான், அந்தப் பொண்ணோட அப்பன் என்ற முன்னால நின்னு அழுதாரு. ஆனா தொழில்ல ஒரு தருமம் வேணுமல்லங்க.

அப்பிடிப்பட்ட நான் இங்க வந்து என்ற மகளுக்குச் சீட்டுப் போடறேன். கொஞ்சம் உசாரா இருக்கோணுமா வேண்டாமா? ஆதார் கேட்டாங்க, ஊட்டுலயே மறந்துட்டேன்னேன். ஊரு தாராபுரம்னு சொன்னேன். போன் நம்பர் கேட்டாங்க. அங்கதான் கொஞ்சம் மூளையை உபயோகிச்சேன். முழுசாப் பொய் சொன்னா முழிக்கணும், மறுக்கா கேட்டா மாத்திச் சொல்லீருவோம். அதனால என்ற நம்பரையே சொல்லி, கடைசி ரெண்டை மட்டும் மாத்திப்போட்டேன். எப்பக் கேட்டாலும் தடுமாறாமச் சொல்லலாம் பாருங்க. மௌனிகா பக்கத்துல உக்காந்திருந்துச்சு. அப்பா, நம்பர் தப்புன்னுச்சு. கையைப் புடிச்சு ஒரு அழுத்து அழுத்துனேன், பேசாம இருந்துக்கிச்சு. என்ற போனு எப்பவும் வெளிய கெடக்குமுங்க. வரன் பாக்க வர்றவங்க, ஊட்டுக்கு வர்ற ஒறம்பரை, ஆரு வேண்ணாலும் எடுத்துப் பேசுவாங்க. ஆஸ்பத்திரில இருந்து பேசறோம்னு ஒரு கொரல் வந்துச்சுன்னா முடிஞ்சுதல்ல கதை?

ஸ்கேன் பாத்து, டெஸ்ட்டுக்குச் சதை எடுத்தாங்க. செவ்வாக்கெழமை வந்து ரிசல்ட் வாங்கிக்கோங்கன்னாங்க.

அந்த வாரம் வெள்ளிக்கெழமைதான் பொண்ணு பாக்க வர்றாங்க. சென்னிமலைக் குடும்பம், பையன் ஓசூர்ல கம்பெனில இருக்கறான். ஒரு கெட்ட பழக்கம் கெடையாது, நானே விசாரிச்சது. ஊருக்கெல்லாம் முடிச்சு வெச்சவன், என்ற மகளுக்குன்னு நாலு வருசமாத் தேடி எடுத்து வெச்ச வரனுங்க அது. செவ்வாக்கெழமை ஊட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்துருச்சு. எப்பிடிப் போறது? அடுத்த வாரம் பாத்துக்கலாம்னு உட்டுட்டேன். வெள்ளிக்கெழமை அவங்க வந்தாங்க. புள்ளையை நடக்க உடாம முன்னாலயே சேர்ல உக்கார வெச்சு, சேலையை நல்லா எறக்கிக் கட்டி உட்டாச்சு. காப்பியை அவங்கம்மா கொண்டாந்து குடுத்தா. சுளுக்குன்னு சொன்னோம். பையனுக்குப் புடிச்சுப் போச்சு. அந்தப் பையன் போறப்ப, காலைப் பாத்துக்கோங்கன்னு மௌனிகாகிட்டச் சொல்லீட்டுப் போனான். எனக்கு அன்னைக்கு இருந்த சந்தோசம் சொல்லி முடியாதுங்க.

அப்புறம் போன் வரும் வரும்னு பாத்தேன். வரல. கெட்ட சேதியா இருந்தா ஒடனே கூப்புட்டிருப்பாங்கல்ல? கூப்புடலீன்னா ஒண்ணுமில்லன்னுதான அர்த்தம்? நீங்களா இருந்தா என்ன நெனப்பீங்க? மௌனிகா ஒருக்கா கேட்டுச்சு. அவங்களுக்குத் தப்பு நம்பர் குடுத்தமேப்பா, எப்பிடிக் கூப்புடுவாங்கன்னு. நான் சொன்னேன், சாமி, நான் ஒரு பையனோட ஊரு பேரு மட்டும் தெரிஞ்சாப் போதும், அவன் பாட்டன் குடிச்சானா இல்லியான்னு வரைக்கும் கண்டுபுடிச்சுட்டு வந்துருவேன், இத்தனை படிச்சவங்க நெனச்சா உன்னையக் கண்டுபுடிக்க முடியாதான்னு. அப்புறம் அது கேக்கவே இல்ல.

கொஞ்சம் இந்தப் பக்கமாத் திரும்பி உக்காருங்க. அந்தக் கட்டம் போட்ட சட்டைக்காரரு வெள்ளக்கோயில் ஆளு மாதிரி தெரியுது. நீங்க குறுக்க இருந்தா என்னையத் தெரியாது... இல்லீங்க, வேற ஆளு. நடையே வேற.

எங்க உட்டேன்? ஆமாங்க, சித்திரை மாசம். வைகாசில நிச்சயம் வெச்சாச்சு. ஈரோட்டுக்கு ஜவுளி எடுக்கப் போனோம். அதுக்குள்ள அந்த எலுமிச்சம்பழம் மாங்காய் அளவு ஆயிருச்சு. புள்ளை எளைச்சுப் போச்சு. கல்யாணப் பொண்ணு எளைக்கறது வழக்கம்தானேன்னு இருந்தோம். ஜவுளிக்கடைல மாடிப்படி எறங்குது. நான் கீழ நின்னு பில்லுப் போட்டுக்கிட்டு இருக்கறேன். கீழ்ப்படில காலை வெச்சுது. சடக்குன்னு ஒரு சத்தமுங்க, காஞ்ச சுள்ளியை ஒடிச்ச மாதிரி. உழுவல, இடிக்கல, சும்மா காலை ஊனுச்சு, அவ்வளவுதான். தொடை எலும்பு ரெண்டாப் போச்சு. அப்பான்னு ஒரே ஒருக்கா கத்துச்சு. அந்தச் சத்தம் இன்னும் என்ற காதுல இருக்குதுங்க.

ஈரோட்டுல படம் எடுத்துப் பாத்துட்டு, நேரா இங்கயே கொண்டாந்து போடச் சொல்லீட்டாங்க. இங்க வந்தா, பழைய சீட்டை எடுத்து வெச்சுக்கிட்டு என்னையத் திட்டறாங்க. என்னையவுங்க! பதினோரு தடவை கூப்புட்டாங்களாம். எவனோ சிவகாசில ஒருத்தன் எடுத்து, எனக்கு மகளே இல்ல, ஆளை உடுங்கன்னானாம். தாராபுரத்துக்குக் கடுதாசி போட்டு அது திரும்பி வந்துச்சாம். அந்தக் கடுதாசியையே எடுத்துக் காட்டுனாங்க. நான் கேட்டேன், போன் போகலீன்னா ஒரு ஆளை அனுப்பி விசாரிக்க வேண்டியதுதானுங்களே, தாராபுரம் என்ன வேற தேசமான்னு. கடுதாசியை மடிச்சு உள்ள வெச்சுட்டாங்க. பின்ன, தப்பு அவங்க மேலதான.

டாக்டரம்மா சின்ன வயசுப் பொண்ணுதான். உக்கார வெச்சுப் பொறுமையாச் சொன்னாங்க. இந்த நோவுல ஒருத்தர் பொழைக்கறது அஞ்சாறு விசயத்தைப் பொறுத்ததாம். கட்டி எத்தனை பெருசு, எந்த எடத்துல இருக்குது, நெஞ்சுக்குப் பரவீருச்சா, மருந்துக்கு அடங்குதா, ஆப்பரேசன்ல மிச்சமில்லாம எடுக்க முடியுதா, எப்ப வந்து சேந்தாங்க. மொதல்ல வந்தன்னைக்கு எடுத்த ஸ்கேன்ல நெஞ்சு சுத்தமா இருந்துச்சாம். அன்னைக்கே ஆரம்பிச்சிருந்தா அந்த எலும்பை மட்டும் எடுத்துட்டுக் கம்பி வெச்சுக் காலைக் காப்பாத்தியிருக்கலாமாம். பத்துப் பேர்ல ஏழு பேரு பொழைச்சுக்குவாங்களாம். இப்ப நுரையீரல்ல ரெண்டு புள்ளி இருக்குது. இப்ப எத்தனை பேருங்கன்னு கேட்டேன். மூணு பேருன்னாங்க.

பத்துக்கு ஏழு பொருத்தம் இருந்தா நான் தைரியமாத் தட்டு மாத்தச் சொல்லுவேனுங்க. மூணு பொருத்தம் இருக்கற ஜாதகத்தைத் தொடக்கூட மாட்டேன், மூடி வெச்சுருவேன். அதை அப்பிடியே வாய் உட்டுச் சொல்லீட்டேன், மௌனிகா கட்டில்ல படுத்திருக்கறதை மறந்துட்டு. அது என்னையவே பாத்துது. அந்த மூணுல ஒண்ணு நானாயிருந்தா வேண்டாமாப்பான்னு கேட்டுச்சு. தண்ணி புடிச்சுட்டு வர்றேன்னு வெளிய வந்துட்டேன்.

மூணு தடவை கீமோ குடுத்தாங்க. முடியெல்லாம் கொட்டிப் போச்சு, வாயெல்லாம் புண்ணு, தண்ணி கூட எறங்கல. தாங்கிக்கிச்சு. மருந்து நல்லா வேலை செஞ்சிருக்குதாம், நெஞ்சுல இருந்த புள்ளி சுருங்கீருச்சாம். டாக்டரம்மா சிரிச்சு நான் பாத்தது அன்னைக்கு ஒருநாள்தான். சூட்டோட சூடாக் காலை எடுத்துப்போட்டு மிச்ச மருந்தையும் குடுத்துட்டா, மூணுங்கறது நாலாகும், அஞ்சாகும், சொல்ல முடியாதுங்கறாங்க.

ஆனா காலுங்க. பொம்பளப் புள்ளைங்க. சென்னிமலைக்காரங்க போயிட்டாங்க. ஒரு தரகன் போயி விசயத்தைச் சொல்லி ஊத்தி உட்டுட்டான், என்ற கிட்டத் தொழில் கத்துக்கிட்டவன்தான். கேட்டா தொழில் தருமம்கறான், வெக்கங்கெட்டவன். அந்தப் பையனோட அப்பா மட்டும் நல்ல மனுசன், வெளிய சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணிக் குடுத்தாரு. எங்கூர்ல இன்னும் தெரியாது. பேங்க் பரீச்சைக்குக் கோச்சிங் போயிருக்குதுன்னு சொல்லி வெச்சிருக்கறேன். முடி மொளைச்சுரும், ஒடம்பு தேறிரும். காலு? செயற்கைக் கால் மாட்டிக்கலாம், நடக்கலாம், ஸ்கூட்டர் கூட ஓட்டலாம்னு சொல்றாங்க. இவங்களுக்கென்ன தெரியும். என்ற பையில பதினாறு வருசமா ஒரு ஜாதகம் கெடக்குதுங்க. சின்ன வயசுல லாரில அடிபட்டு ஒரு கால் போன பொண்ணு. போஸ்டாபீஸ்ல வேலை பாக்குது, சொந்தமா ஊடு கட்டியிருக்குது, அக்கா மகனை எடுத்து வளத்துது. போன வாரம் கூடப் பாத்தேன், சிரிச்சுக்கிட்டு நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா ஜாதகம் அப்பிடியேதான் கெடக்குது. அது கையில பட்டா மறுக்கா அடியில சொருகி வெச்சுருவேன். என்ற மக ஜாதகமும் அந்தப் பையிலதானுங்க இருக்குது.

அதான் நான் டாக்டரம்மாகிட்டக் கேட்டேன், இது ஆடி மாசமுங்க, ஆவணி பொறக்கட்டும், ஒரு நல்ல நாளாப் பாத்து வெச்சுக்கலாம்னு. இது கல்யாணம் இல்லீங்கன்னாங்க. வெடுக்குன்னு சொல்லிப்போட்டாங்க. அதுக்கப்புறம் என்னையப் பாத்துப் பேசறதே இல்ல, எதுன்னாலும் மௌனிகா அம்மாகிட்டத்தான் சொல்றாங்க.

நான் என்ன காலை எடுக்க வேண்டாம்னா சொல்றேன்? கொஞ்சம் பொறுத்து எடுக்கலாம்னுதான சொல்றேன். எனக்குப் பயமா இருக்குதுங்க. வெளிய ஆருகிட்டயும் சொல்ல முடியல. ஸ்கேனுக்குச் சக்கர நாற்காலில வெச்சுத் தள்ளிக்கிட்டுப் போவாங்க. நான் பத்தடி பின்னால, வேற ஆளு மாதிரி நடந்து போவேன். அது அடிக்கடி திரும்பித் திரும்பிப் பாக்கும், நான் வர்றேனான்னு. நான் செவுத்துல ஒட்டியிருக்கறதைப் படிக்கற மாதிரி நின்னுக்குவேன். இப்பக் கொஞ்ச நாளாத் திரும்பிப் பாக்கறதில்ல. புள்ளைக்குப் பழகிப் போச்சு.

இருங்க, போன் அடிக்குது. மௌனிகாதான்.

சொல்லு சாமி... கீழதான் இருக்கறேன். டீக்கடைல நெம்பக் கூட்டம்... வந்துர்றேன், அஞ்சே நிமிசம்... என்னது? ஆரு போட்டா?... நீயா? அதெப்பிடி, பேப்பர் என்ற கிட்டயல்ல இருக்குது... வேற பேப்பர் குடுத்தாங்களா... அம்மா சாட்சியா... அம்மிணி, நான் வேண்டாம்னு சொல்லலியே, ஆடி கழியட்டும்னுதான... செரி. செரி சாமி. இல்ல, அழுவல. நான் எங்க அழுவறேன்... என்னது, ஊட்டுக்கா? நானா? எதுக்கு?... ம்... ம். செரி.

வெச்சுருச்சுங்க.

கையெழுத்துப் போட்டுருச்சு. அதுவே போட்டுருச்சு. இருவது வயசாச்சல்ல, அது போட்டாலே போதுமாமுங்க. நான் போட வேண்டியதே இல்லியாம். போட்டு அரை மணி நேரமாச்சாம். நாளைக்குக் காத்தால ஏழு மணிக்கு உள்ள கொண்டு போயிருவாங்களாம்.

என்னைய ஊட்டுக்குப் போகச் சொல்லுதுங்க. அம்மா பாத்துக்குவா, நீங்க பஸ் ஏறிருங்கப்பா, நாளைக்கு ஆப்பரேசன் பண்ற எடத்துல கூட்டமா இருக்கும், ஆராச்சும் நம்மூர்க்காரங்க உங்களைப் பாத்துருவாங்கன்னு சொல்லுது.

கோவமாச் சொல்லலீங்க. ஒரு வார்த்தை கோவம் இல்ல. சாப்புட்டீங்களான்னு கேக்கற மாதிரித்தான் சொல்லுச்சு. பாருங்க, நாளைக்குக் காலே போகப் போவுது, அந்த நேரத்துலயும் அப்பன் மானத்தை நெனச்சுப் பாக்குது. எத்தனை பொறுப்பு பாருங்க அந்தப் புள்ளைக்கு.

பொறுப்பாத்தானுங்களே சொல்லுச்சு? நீங்களும் ஒரு புள்ளையைப் பெத்தவரு, சொல்லுங்க. ஏனுங்க, என்ற மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க. அது பொறுப்பாத்தானுங்களே சொல்லுச்சு?